மூடுபனிக்குள் நிற்பது யார், தெரியுமா?

1980. ஒரே வருஷம். மூன்று பேர், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாமல், உலகத்தின் மேல் மூடுபனியை அவிழ்த்துவிட்டார்கள். தெரியுமா?

பிப்ரவரியில் அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் ‘தி ஃபாக்’ வந்தது. கடலிலிருந்து பனி ஊருக்குள் ஏறும், பனிக்குள்ளிருந்து செத்தவர்கள் இறங்குவார்கள். அதே வருஷம் ‘டார்க் ஃபோர்சஸ்’ என்ற திகில் கதைத் தொகுப்பில் ஸ்டீபன் கிங்கின் ‘தி மிஸ்ட்’ குறுநாவல் அச்சானது. நவம்பரில், தீபாவளியை ஒட்டி, நம் தியேட்டர்களில் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’! மூன்றுக்கும் தலைப்பு ஒன்றேதான். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைப்பில் பனி உள்ள திகில் படங்களைத் தேடுவதே வேலையாகிவிட்டது.

சேரம்பாடியில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடுவது? ஜூன் பிறந்துவிட்டால் சோலாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடா, அந்தப் பக்கம் வயநாடா என்று கண்ணுக்குத் தெரியாது; எல்லாம் ஒரே வெள்ளை. வானிலைக்காரர்கள் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால்தான் அது மூடுபனி, அதற்கு மேல் தெரிந்தால் வெறும் பனிமூட்டம். இந்தக் கணக்கை எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே பேச்சே பத்தடிக்குத்தான். இன்னொன்று தெரியுமா? மழைக்காலத்தில் மலையில் நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் மேகமேதான். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்கிற அதே மேகத்துக்குள் நாம் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறோம்!

இந்தப் பனிப்படங்களை ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டு போனால் மறுமுனையில் பெரும்பாலும் ஒரே ஆள் நிற்கிறார். வழுக்கைத் தலை, தொந்தி, கறுப்புக் கோட்டு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்! எப்படி என்று பாருங்கள்.

முதலில் நம்ம படம். ‘மூடுபனி’ இளையராஜாவின் நூறாவது படம், தெரியுமா? ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். நாலு வருஷத்தில் நூறு! பாலு மகேந்திராவோடு அவர் சேர்ந்த முதல் படமும் இதுதான். அதற்கு முன் கன்னட ‘கோகிலா’வுக்கும் தமிழ் ‘அழியாத கோலங்க’ளுக்கும் இசை சலில் சௌத்ரி. ‘மூடுபனி’யில் கைகோத்த இந்த ஜோடி பாலு மகேந்திராவின் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ (2013) வரை பிரியவில்லை.

கதை, ராஜேந்திரகுமார் எழுதிய ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ நாவலிலிருந்து எடுத்தது. அதோடு ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) வாசனை படம் முழுக்க வீசுகிறது. சந்துரு என்ற இளைஞன். சின்ன வயதில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்து மனம் கோணியவன். விலைமாதர் என்று தெரிந்தால் கொன்றுவிடுவான். அவனுக்கு ரேகா என்ற பெண்மேல் ஆசை. தூக்கிக்கொண்டு எங்கே வருகிறான் தெரியுமா? நம்ம ஊட்டிக்கு!

சந்துருவாக நடித்த பிரதாப் போத்தனுக்கு ஊட்டி புதிதே இல்லை. அவர் படித்த பள்ளி லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூல்! பள்ளிப் பருவத்தில் நடந்த அதே குளிருக்குத் திரைக்கொலைகாரனாகத் திரும்பி வந்திருக்கிறார். கையில் கிதாரோடு அவர் பாடுகிற பாட்டை இன்றைக்கும் கல்யாண மேடைகளில் பாடுகிறார்கள். கங்கை அமரன் எழுதி யேசுதாஸ் பாடியது. அது கடத்தி வந்த பெண்ணிடம் கொலைகாரன் பாடுகிற பாட்டு என்பது மணமக்களுக்குத் தெரியுமா, தெரியவில்லை. தெரிந்தால் மேடையை விட்டு ஓடிவிடுவார்கள்!

ரேகாவாக நடித்தவர் ஷோபா. ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். 1980 மே 1-ஆம் தேதி இறந்துபோனார், வயது 17. ‘மூடுபனி’ திரைக்கு வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. அன்றைக்கு முதல் காட்சிக்குப் போய் உட்கார்ந்தவர்கள் பார்த்தது, இல்லாத ஒரு பெண் திரையில் பயந்துகொண்டிருப்பதை.

இன்னொரு முகத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. படத்தில் போலீஸ் அதிகாரியாக வருகிற என். விஸ்வநாதன். இவர் கல்கத்தாவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த தமிழர். சத்யஜித் ராயின் முதல் வண்ணப் படமான ‘காஞ்சன்ஜங்கா’வில் (1962) பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கோட்டு சூட்டோடு டார்ஜிலிங் தெருவில் நடப்பாரே, அவரேதான்! அந்தப் படத்தில் மலைச் சிகரத்தைக் கடைசிவரை பனி மறைத்துக்கொண்டே இருக்கும். ராயின் பனியிலிருந்து கிளம்பி பதினெட்டு வருஷம் கழித்து பாலு மகேந்திராவின் பனியில் வந்து சேர்ந்திருக்கிறார் மனிதர். இரண்டு இடத்திலும் தேயிலைத் தோட்டம் வேறு.

பாலு மகேந்திரா மலைக்காரர் இல்லை, அதுவும் ஆச்சரியம்தான். இலங்கையில் மட்டக்களப்பு பக்கம் அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர், கடற்கரைப் பையன். பள்ளிச் சுற்றுலாவில் கித்துல்கல என்ற இடத்துக்குப் போனபோது டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ எடுத்துக்கொண்டிருந்தாராம். லீன் ‘மழை’ என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியது. நானும் ஒருநாள் சொன்னால் மழை பெய்யவேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன் என்று பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சேரம்பாடி டேன்டீ லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு இலங்கைக் கதை ஒன்று இருக்கும். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறித் திரும்பியவர்களுக்காக அரசு போட்ட தோட்டங்கள் இவை. அந்த நாட்டிலிருந்து வந்த இன்னொருவர் நீலகிரியின் பனிக்குத் திரையில் இடம் பிடித்துக் கொடுத்தார் என்று சொன்னால் இங்குள்ள பாட்டிமார் முகத்தில் ஒரு பெருமை வரும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் படத்தில் குறையே இல்லை என்று நினைக்கவேண்டாம். சந்துருவின் மனக்கோணலுக்குச் சொல்கிற காரணம் கணக்கு வாய்ப்பாடு மாதிரி நேராக இருக்கிறது. விலைமாதர் வரிசையாகச் சாகிறபோது படம் அதிகம் பதறுவதில்லை. ரேகாவுக்கு ஆபத்து என்றதும்தான் பதறுகிறது. இன்றைக்கு அது உறுத்தும். ஆனால் வெளிச்சத்தைக் கையாண்ட விதம் இருக்கிறதே! ஜன்னலில் வருகிற வெளிச்சத்தை அப்படியே நம்பி எடுத்திருக்கிறார். தலைப்பில் உள்ள பனி ஊட்டி மலையில் இருப்பதைவிட சந்துருவின் மண்டைக்குள்தான் அடர்த்தி.

சரி, ‘சைக்கோ’ என்றேனா? குளியலறையில் கத்திக்குத்து வாங்கிச் சாவாரே ஜேனட் லீ, அவர் ‘தி ஃபாக்’ படத்தில் இருக்கிறார், தெரியுமா? அதே 1980! கூடவே அவருடைய மகள் ஜேமி லீ கர்ட்டிஸும் நடித்திருக்கிறார். கலிஃபோர்னியாவில் ‘சைக்கோ’ நாயகி பனிக்குள் மாட்டிக்கொள்ள, கோடம்பாக்கத்தில் ‘சைக்கோ’வின் பேரப்பிள்ளை பனியென்று பேர் வைத்துக்கொண்டு பிறக்கிறது. ஹிட்ச்காக் அந்த வருஷம் ஏப்ரலில்தான் கண்ணை மூடினார். இதற்குமேல் எனக்குப் புல்லரிக்க இடமில்லை.

‘தி ஃபாக்’ பிறந்த கதையும் நல்ல கதை. கார்பென்டரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் பார்க்கப் போனார்கள். தூரத்தில் ஒரு பனித்திட்டு. அதற்குள்ளே என்ன இருக்கும் என்று ஒருவர் கேட்டார், படம் தயார்! 1958-இல் வந்த ‘தி ட்ரோலன்பர்க் டெரர்’ என்ற பிரிட்டிஷ் படமும் கார்பென்டருக்குத் தூண்டுதல். மலை உச்சியில் நகராமல் நிற்கிற மேகம், மேகத்துக்குள் ஏதோ ஒன்று என்பது அதன் கதை. மலையூர்க்காரன் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இந்தக் கதை அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது படம் கார்பென்டருக்கே பிடிக்கவில்லையாம். பயமே வரவில்லை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்தார். நடுராத்திரிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடற்கரையில் தீ மூட்டி ஒரு கிழவர் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்வாரே, அந்த முதல் காட்சி இப்படிப் பின்னால் சேர்த்ததுதான். படத்திலேயே உசத்தியான காட்சி அது! செலவு சுமார் 11 லட்சம் டாலர். வசூல் 2 கோடி டாலரைத் தாண்டியது. 2005-இல் இதையே நிறையப் பணம் போட்டுத் திரும்ப எடுத்தார்கள். அதைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் பேயும் இல்லை, ஜேனட் லீயும் இல்லை. கலங்கரை விளக்கத்தில் தனியாக ரேடியோ நிலையம் நடத்துகிற அந்தப் பெண். மேலேயிருந்து பார்த்துக்கொண்டு, பனி இப்போது இந்தத் தெருவுக்குள் நுழைகிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருப்பாள். இது ஏதோ சினிமாக் கற்பனை என்று நினைக்கிறீர்களா? வால்பாறையில் யானை எந்த டிவிஷனில் நிற்கிறது என்று தோட்டத் தொழிலாளர் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. பக்கத்தில் யானை இருந்தால் உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. கார்பென்டர் பார்த்திருந்தால் இன்னொரு படம் எடுத்திருப்பார்!

இனி ஸ்டீபன் கிங். புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் மகனோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். ரொட்டி அடுக்கிய பக்கம் நடக்கும்போது, ஒரு ஆதிகாலப் பறவை இங்கே சிறகடித்துப் பொருள்களைத் தட்டிவிட்டால் எப்படியிருக்கும் என்று சும்மா ஒரு நினைப்பு. பில் போடுவதற்குள் கதை மனதில் உருண்டுவிட்டது. ‘தி மிஸ்ட்’ அப்படிப் பிறந்தது! கடைக்கு வெளியே வெள்ளைப் பனி, பனிக்குள் என்னென்னவோ உயிர்கள், கடைக்குள் மாட்டிக்கொண்ட ஜனங்கள்.

படமாக வர 27 வருஷம் பிடித்தது. 2007-இல் ஃபிராங்க் டராபான்ட் எடுத்தார். ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ எடுத்தவரேதான். கிங் எழுதாத ஒரு முடிவை இவர் வைத்தார். அந்த முடிவை மாற்றினால் பெரிய பட்ஜெட் தருகிறேன் என்று ஒரு தயாரிப்பாளர் சொல்லியும், வேண்டாம் என்று குறைந்த பணத்துக்கே எடுத்தார். கதை எழுதியவரே, என் முடிவைவிட இது மேல் என்று பாராட்டினார்! அது என்ன முடிவு என்று சொன்னால் பாவம் பிடிக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம். இதைப் பார்த்துவிட்டு உடனே தூங்கப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். டராபான்டுக்கு இதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கத்தான் ஆசை. தியேட்டருக்கு முடியவில்லை, டிவிடியில் கறுப்பு வெள்ளைப் பிரதியையும் சேர்த்து வெளியிட்டார். அதில் பார்த்தால் பனி இன்னும் கெட்டியாகிவிடுகிறது. கடைக்குள் இருக்கிற ஆட்கள் வெளியே இருக்கிற ஜந்துக்களைவிட மோசமாகிக்கொண்டே போவதுதான் இந்தப் படத்தின் நிஜத் திகில்.

பனிப்படங்களுக்கெல்லாம் மூத்தது எது தெரியுமா? 1927-இல் வந்த ‘தி லாட்ஜர்’. அதன் முழுத் தலைப்பிலேயே லண்டன் மூடுபனியின் கதை என்று இருக்கும். எடுத்தவர்? வேறு யார், ஹிட்ச்காக்! அவருடைய முதல் திகில் படம். அப்போது வயது 27. செவ்வாய்க்கிழமைதோறும் பொன்னிறக் கூந்தல் பெண்களைக் கொல்கிறான் ஒருவன். அந்தச் சமயம் பார்த்து ஒரு வீட்டுக்குக் குடிவருகிறான் முகத்தைத் துணியால் மூடிய வாடகைக்காரன், பனிக்குள்ளிருந்து. மேல்மாடியில் அவன் உலாத்துகிற சத்தம் கீழே கேட்கவேண்டும். ஆனால் படம் ஊமைப்படம்! என்ன செய்தார் தெரியுமா? தடித்த கண்ணாடியில் தரை போட்டு, அதன்மேல் நடிகரை நடக்கவிட்டு, கீழேயிருந்து படம் எடுத்தார். கூரைக்கு மேல் நடக்கிற கால்களை நாமே பார்க்கிறோம். காதுக்குக் கேட்காததைக் கண்ணுக்குக் காட்டிவிட்டார் மனிதர்!

அவர் தன் படங்களில் எங்கேயாவது தலைகாட்டிவிட்டுப் போகிற வழக்கம் தொடங்கியதும் இதில்தான். பத்திரிகை அலுவலகக் காட்சியில் ஆள் போதவில்லை, தானே உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஐம்பது வருஷத்துக்கு அது பழக்கமாகிவிட்டது. ‘தி லாட்ஜர்’ வாடகைக்காரனும் நம் சந்துருவும் பெண்களைக் கொல்கிறவன் யார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நிற்கிறார்கள். ‘மூடுபனி’க்குத் தாத்தா ‘சைக்கோ’ என்றால் கொள்ளுத்தாத்தா ‘தி லாட்ஜர்’ என்பது என் கட்சி.

லண்டன் பனி சினிமாவில் மட்டும் கொல்லவில்லை. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து ஐந்து நாள் அந்த நகரத்தை மூடியது. செத்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரைக்கும் போயின! சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் பனி புகுந்து மேடையே தெரியாமல் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். நாலு வருஷம் கழித்து, 1956-இல், பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது.

இப்போது ஒரு சங்கிலி சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1958-இல் அகதா கிறிஸ்டி ‘தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்’ என்ற நாடகம் எழுதினார். பனியில் வழி தெரியாமல் காரைப் பள்ளத்தில் விட்ட ஒருவன் பக்கத்து வீட்டுக்குள் உதவி கேட்டு நுழைகிறான். சக்கர நாற்காலியில் கணவன் பிணம், கையில் துப்பாக்கியோடு மனைவி. லண்டனில் 600 தடவைக்கு மேல் நடந்த நாடகம். அதை 1973-இல் பி. ஆர். சோப்ரா இந்தியில் ‘துந்த்’ என்று எடுத்தார். துந்த் என்றாலும் பனிதான். ஜீனத் அமன் மனைவி, டேனி டென்சோங்பா கணவன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே டேனி மிரட்டிய மிரட்டலில் வில்லன் நாற்காலி அவருக்கு நிரந்தரமானது. இதே சோப்ரா அதற்கு முன் பாட்டே இல்லாத இரண்டு திரில்லர்களை இந்தியில் கொடுத்தவர்: ‘கானூன்’ அவர் இயக்கியது, ‘இத்தெஃபாக்’ அவர் தயாரித்தது.

சங்கிலி அங்கே அறவில்லை! 1989-இல் கன்னடத்தில் சுனில்குமார் தேசாய் அதே நாடகத்தை எடுத்துக்கொண்டு ‘தர்கா’ செய்தார். சங்கர் நாக் நடித்தது, பாட்டுக் கிடையாது. அடுத்த வருஷமே அது தமிழுக்கு வந்தது. எந்தப் படம் தெரியுமா? ‘புரியாத புதிர்’! சந்தேகப் பேயாக ரகுவரன் இரண்டே ஆங்கிலச் சொற்களை விதவிதமாகச் சொல்லி நம்மை நடுங்கவைத்தாரே, அதே படம். கே. எஸ். ரவிக்குமாரின் முதல் படம். பின்னால் ‘நாட்டாமை’யும் ‘படையப்பா’வும் எடுத்த மனிதர் தொடங்கியது அகதா கிறிஸ்டியின் பனிக்குள்ளிருந்து! தமிழுக்கு வருவதற்குள் தலைப்பிலிருந்து பனி விலகிவிட்டது என்பதில் எனக்குச் சின்ன வருத்தம். ரகுவரனைப் பார்த்ததும் அந்த வருத்தமும் போய்விடும். இந்தக் கதையில் கணவனாக வந்தவர்களில் எனக்கு அவர்தான் முதல்.

இந்தியில் இன்னொரு பனி, ‘கோஹ்ரா’, 1964. பீரேன் நாக் இயக்கம், ஹேமந்த் குமார் தயாரிப்பும் இசையும், வஹீதா ரஹ்மான் நாயகி. கதை டாஃப்னி டு மொரியேயின் ‘ரெபெக்கா’ நாவல். அந்த நாவலில் நாயகிக்குப் பெயரே கிடையாது, தெரியுமா? புத்தகம் முழுக்க அவளே கதை சொல்கிறாள், ஒரு இடத்திலும் பெயர் வராது! அதை 1940-இல் படமாக்கியவர்... ஆமாம், ஹிட்ச்காக்கேதான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய அவருடைய ஒரே படம். பீரேன் நாக் ‘கோஹ்ரா’வுக்கு இரண்டு வருஷம் முன்னால் எடுத்த ‘பீஸ் சால் பாத்’ படத்தில் ஷெர்லாக் ஹோம்ஸின் பாஸ்கர்வில் வேட்டை நாய்க் கதையின் சாயல் இருக்கும். அந்தக் கதையிலும் நாய் பாய்வது பனிக்குள்ளிருந்துதான். ‘கோஹ்ரா’வில் லலிதா பவார் வாசற்படியில் வந்து நின்றாலே போதும், பனி இயந்திரத்தை நிறுத்திவிடலாம்.

பனி இயந்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. சினிமாப் பனி எதில் செய்வது தெரியுமா? தரையோடு தவழவேண்டும் என்றால் உலர்பனிக்கட்டி. கரியமில வாயுவை மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே உறையவைத்தது. அறை முழுக்கப் பரவவேண்டும் என்றால் கிளைக்கால் கலவையைச் சூடாக்கி ஊதுவார்கள். கோடம்பாக்கத்து செட்டுகளில் சாம்பிராணி போட்டுச் சமாளித்த காலமும் உண்டு. அங்கே சாமி படத்துக்கும் பேய்ப்படத்துக்கும் ஒரே மூட்டைதான்!

‘காசாபிளாங்கா’ (1942) கடைசிக் காட்சியில் விமான நிலையத்தைப் பனி மூடியிருக்குமே, அது காதல் சோகத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? பின்னால் நிற்கிற விமானம் பலகையில் செய்த சின்ன மாதிரி. அளவு தெரியாமல் இருக்கக் குள்ளமான ஆட்களை மெக்கானிக் வேஷத்தில் நிறுத்தி, மிச்சத்தைப் பனியால் மறைத்தார்கள். ‘சைலன்ட் ஹில்’ கதையும் அப்படித்தான். படமாவதற்கு முன் அது 1999-இல் வந்த வீடியோ விளையாட்டு. அந்தக் கால பிளேஸ்டேஷனுக்குத் தூரத்துத் தெருக்களை வரைந்து காட்டச் சக்தி போதவில்லை. ஊரையே பனியால் மூடினார்கள். இயந்திரத்தின் இயலாமைதான் அந்த விளையாட்டின் திகில்!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற பனி ஒன்று இருக்கிறது. யூரி நோர்ஸ்டைன் 1975-இல் சோவியத் நாட்டில் எடுத்த ‘மூடுபனியில் முள்ளெலி’ என்ற பத்து நிமிஷ அனிமேஷன் படம். திரில்லர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பனிக்குள் தனியாக இறங்கிய குட்டி முள்ளெலிக்கு முன்னால் திடீரென்று ஒரு வெள்ளைக் குதிரை தெரியும்போது பெரியவர்களுக்கே நெஞ்சு நின்று அடிக்கும். அதில் பனி எதனால் செய்தது தெரியுமா? மெல்லிய காகிதம்! படத்தின் மேல் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இம்மி இம்மியாகக் காமிராவை நோக்கி உயர்த்தினார்கள். காகிதம் மேலே வர வர, கீழே இருப்பது மங்கிக்கொண்டே போகும். கணினி இல்லை, புகை இல்லை. 2003-இல் டோக்கியோவில் 140 அனிமேஷன் கலைஞர்களிடம் வாக்கெடுத்தபோது உலகத்தின் சிறந்த அனிமேஷன் படம் என்று முதலிடம் கொடுத்தார்கள்.

இரண்டு படங்களை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டும். ஒன்று, தென்கொரியாவின் ‘ஹேமூ’ (2014). கடல்பனி என்று பொருள். ‘பாரசைட்’ புகழ் போங் ஜூன்-ஹோ சேர்ந்து எழுதித் தயாரித்தது. அந்த வருஷம் தென்கொரியா ஆஸ்கருக்கு அனுப்பிய படம். மீன்பிடிக் கப்பலில் திருட்டுத்தனமாக ஆட்களை ஏற்றி வருகிறார்கள், பனி சூழ்கிறது, கப்பலுக்குள் நடக்கக் கூடாதது நடக்கிறது. இதில் பேய் கிடையாது. 2001-இல் தேசாங்-ஹோ என்ற கப்பலின் அடித்தட்டில் 25 பேர் மூச்சுமுட்டிச் செத்து, உடல்களைக் கடலில் தள்ளிய நிஜச் சம்பவத்திலிருந்து பிறந்த நாடகம், பிறகு படம்.

இன்னொன்று அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ (1956). 32 நிமிஷ ஆவணப்படம். ஹிட்லர் 1941 டிசம்பரில் போட்ட ஆணைக்கு அதே பெயர். எதிர்ப்பவர்களைச் சுவடே இல்லாமல் காணாமலடிக்க வேண்டும் என்பது ஆணை. நாஜி வதைமுகாம்களைக் காட்டும் இந்தப் படத்தில், ஒரு புகைப்படத்தில் காவலுக்கு நிற்கிறவரின் தொப்பியை மட்டும் மறைக்கச் சொன்னது பிரெஞ்சுத் தணிக்கை. ஏன் தெரியுமா? அது பிரெஞ்சு போலீஸ்காரரின் தொப்பி.

சேரம்பாடியில் இந்தப் படங்களைப் போட்டுக் காட்டினால் நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, இதெல்லாம் என்ன பயம் என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. 2024 டிசம்பரில் சேரங்கோடு, சேரம்பாடி பக்கம் அரிசி வாசனைக்கு வீடு வீடாக இடித்துக்கொண்டிருந்த ‘புல்லட்’ யானையை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும்வரை, பனி இறங்கியதும் கதவு சாத்தியவர்கள் இங்குள்ளவர்கள். பனிக்குள் சாணி வாசனை வந்தால் நில், மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால் திரும்பிப் போ என்பது இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஹிட்ச்காக் கண்ணாடித் தரை போட்டுக் கேட்கவைத்த காலடியை, நாங்கள் தகரக் கூரைக்கடியில் படுத்துக்கொண்டு சும்மாவே கேட்கிறோம்! அதனால்தானோ என்னவோ, கண்ணுக்குத் தெரிகிற பேய்கள் வருகிற ‘தி ஃபாக்’ எங்களைவிட நகரத்துக்காரர்களைத்தான் அதிகம் பயமுறுத்தும் என்று நினைக்கிறேன். பேய் முகம் காட்டிய நிமிஷத்தில் பாதிப் பயம் கழன்றுவிடுகிறது. ‘தி லாட்ஜர்’ அந்தத் தவறைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறது.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முள்ளெலி. அவர்கள் தூங்கிய பிறகு ‘மூடுபனி’. ‘துந்த்’தும் ‘புரியாத புதி’ரும் அடுத்தடுத்த நாளில், ஒரே கதை என்று தெரிந்தும் இரண்டாவது நாளும் ஏமாறுவீர்கள். ‘தி மிஸ்ட்’டுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், வெயில் இருந்தால் இன்னும் நல்லது. ‘தி லாட்ஜர்’ ஊமைப்படம்தான், சத்தம் வைக்கவே தேவையில்லை. மழைநாளில் கரண்டு போய்விட்டால் செல்போனில் மிச்சமிருக்கிற சார்ஜிலேயே பார்த்து முடித்துவிடலாம்.